கமராத்ரி: வேலையிடத்துத் தோழமை

மொரிசியசில் 'கமராத்' என்ற சொல்லைக் கேட்காமல் ஒரு நாள் கழியாது. பள்ளியில் பக்கத்தில் உட்காருகிற பையன் கமராத். கரும்புக் காட்டில் கூட நின்று வெட்டுகிறவர் கமராத். எபேன் சைபர் நகரத்து அலுவலகத்தில் பக்கத்து மேசைக்காரியும் கமராத்தான். 'லி மோ கமராத் த்ராவாய்' என்று தீவின் பேச்சுமொழியான கிரியோலில் சொன்னால், 'அவர் என்கூட வேலை பார்க்கிற சிநேகிதர்' என்று பொருள். பிரெஞ்சிலிருந்து கிரியோலுக்கு வந்த இந்தச் சொல்லின் பண்புப்பெயர் 'கமராத்ரி'. ஒரே இடத்தில் உழைக்கிறவர்களுக்குள் வளரும் நெருக்கத்தையும், ஒருவர் தடுமாறினால் மற்றவர் தாங்கிக்கொள்ளும் வழக்கத்தையும் சேர்த்துச் சொல்வது அது.

இங்கே தமிழ் கற்பிக்கிறவர்களும், கோயில் மலருக்குத் தமிழில் எழுதுகிறவர்களும் இந்தச் சொல்லுக்கு வந்ததும் கொஞ்சம் நின்றுவிடுகிறார்கள். வீட்டில் பேசுவது கிரியோல், எழுத நினைப்பது தமிழ். 'சகபணியாளர் நல்லுறவு' என்று ஒருவர் எழுதுவார், 'குழு மனப்பான்மை' என்று இன்னொருவர் எழுதுவார். படித்தால் சுற்றறிக்கை மாதிரி இருக்கும். கமராத்ரி என்று சொல்லும்போது வருகிற சூடு அதில் இல்லை.

சொல்லின் வரலாற்றைப் பார்த்தால் அந்தச் சூடு எங்கிருந்து வருகிறது என்று தெரியும். கிரேக்கத்தில் 'கமரா' என்பது வளைந்த கூரை போட்ட கட்டடம். லத்தீனில் அது 'கேமரா' ஆகி, நாளடைவில் வெறும் 'அறை' என்ற பொருளுக்கு வந்தது. (நாம் படம் எடுக்கும் கேமராவும் இதே சொல்தான். 'இருட்டறை' என்ற லத்தீன் தொடரில் இருட்டு போய் அறை மட்டும் மிஞ்சியது.) ஸ்பானிய மொழியில் 'கமராதா' என்றால் ஓர் அறையில் சேர்ந்து படுத்து எழும் ஆட்கள், குறிப்பாகப் படைவீரர்கள். முதலில் அந்தக் கூட்டம் முழுவதற்கும் அது பெயர். பிறகு அதில் ஒருவரைக் குறித்தது. 16ஆம் நூற்றாண்டில் பிரெஞ்சு அதை எடுத்துக்கொண்டது. பிறகு அதோடு ஒரு விகுதி சேர்ந்து கமராத்ரி பிறந்தது. ஆங்கிலக் 'காம்ரேட்'டும் இந்தக் குடும்பம்தான்.

ஆக, வேர்ப்பொருள் 'அறைத்தோழர்'. ஒரு கூரையின் கீழ் கிடக்க நேர்ந்தவர்கள். அந்த அறைக்கு யார் வரவேண்டும் என்று அவர்கள் தேர்ந்தெடுக்கவில்லை. யாரோ கொண்டுவந்து சேர்த்து வைத்தார்கள், அதற்கு அப்புறம் உறவு வளர்ந்தது. நட்புக்கும் கமராத்ரிக்கும் உள்ள வித்தியாசம் இதில்தான் இருக்கிறது என்று நான் நினைக்கிறேன். நண்பரை நாம் தேடிக்கொள்கிறோம், கமராத்தை வேலை கொண்டுவந்து சேர்க்கிறது.

இந்தத் தீவுத் தமிழருக்கு இதை விளக்கவே வேண்டாம். பிரெஞ்சுக்காரர் காலத்திலேயே புதுச்சேரிப் பக்கத்திலிருந்து கைவினைஞர்கள் இங்கே வந்துவிட்டார்கள். அப்புறம் 1834 முதல் 1920 வரை இந்தியாவிலிருந்து ஏறக்குறைய ஐந்து லட்சம் பேர் ஒப்பந்தக் கூலிகளாக வந்து இறங்கினார்கள். சென்னைத் துறைமுகத்தில் கப்பலேறிய தமிழரும் தெலுங்கரும் அதில் உண்டு. போர்ட் லூயிஸ் துறைமுகத்தில் அவர்களைத் தங்கவைத்த இடத்தைத்தான் இன்று ஆப்ரவாசி காட் என்று உலகப் பாரம்பரியச் சின்னமாகப் பாதுகாக்கிறார்கள். அங்கிருந்து ஒவ்வொரு 'தாப்லிஸ்மா'வுக்கும், அதாவது சர்க்கரைத் தோட்டத்துக்கும், ஆட்களைப் பிரித்து அனுப்பினார்கள். ஒருவர் பிறந்த ஊர் மற்றவருக்குத் தெரியாது, சாதி வேறு, சில சமயம் மொழியே வேறு. ஒரு நாள் வேலைக்கு வராவிட்டால் இரண்டு நாள் கூலியைப் பிடிக்கும் 'இரட்டை வெட்டு' என்ற வழக்கம் அந்தத் தோட்டங்களில் இருந்தது. காய்ச்சலில் கிடப்பவனுக்கு அது எவ்வளவு பெரிய அடி என்று யோசித்துப் பாருங்கள். பக்கத்துக் குடிசைக்காரனைத் தவிர அவனுக்குக் கஞ்சி கொடுக்க அங்கே யார் இருந்தார்கள்?

1943 செப்டம்பர் 27 அன்று தீவின் வடக்கே பெல் வ்யூ ஹரேல் தோட்டத்தில், கூலி உயர்வு கேட்டு வேலைநிறுத்தம் செய்த தொழிலாளர்கள் மீது போலீஸ் சுட்டது. நான்கு பேர் இறந்தார்கள். அதில் ஒருவர் அஞ்சலை குப்பன், கர்ப்பிணி. அவர் பெயரில் அங்கே ஒரு விளையாட்டரங்கம் இருக்கிறது. பந்தாட்டம் பார்க்கப் போகிற பிள்ளைகளுக்கு அந்தப் பெயர் யாருடையது என்று பெரியவர்கள் சொல்லிக்கொடுக்க வேண்டும். கூட வேலை செய்கிறவர்களை விட்டு விலகாமல் நின்ற ஒரு தமிழ்ப் பெண்ணின் பெயர் அது.

சரி, தமிழில் என்ன சொல்வது? 'தோழமை'. இதைவிடப் பொருத்தமான சொல் எனக்குக் கிடைக்கவில்லை. தோழர் என்ற பெயரோடு 'மை' விகுதி சேர்ந்த பண்புப்பெயர். கமராத்தும் கமராத்ரியும் எப்படியோ, தோழரும் தோழமையும் அப்படி. பழமையும் உண்டு. கம்பராமாயணத்தில் பரதன் படையோடு வருவதைப் பார்த்து, இராமனைத் தாக்கத்தான் வருகிறான் என்று தவறாக எண்ணிய குகன், 'தோழமை என்றவர் சொல்லிய சொல் ஒரு சொல் அன்றோ' என்று கொதிக்கிறான். அவன் கங்கைக்கரை வேடர் தலைவன், ஓடங்களுக்கு உரியவன். சாகத் துணிந்து நிற்பதற்கு அந்த ஒரு சொல் போதும் அவனுக்கு. இருபதாம் நூற்றாண்டில் இந்தச் சொல்லுக்கு இன்னொரு வாழ்வு வந்தது. 1932இல் ஐரோப்பாவும் சோவியத் ரஷ்யாவும் சுற்றித் திரும்பிய பெரியார், ஸ்ரீ, திருவாளர் போன்ற அடைகளை விட்டு எல்லாரையும் 'தோழர்' என்றே அழைக்கும்படி தம் குடிஅரசு இதழ் வழியாகக் கேட்டுக்கொண்டார். பொதுவுடைமைக் கட்சிக்காரர்களும் தொழிற்சங்கத்தாரும் இன்றும் அப்படித்தான் அழைத்துக்கொள்கிறார்கள். அதனால் அது கட்சிச் சொல் என்று தயங்கி ஒதுக்குகிறவர்கள் உண்டு. ஒதுக்க வேண்டியதில்லை. கட்சிகள் பிறப்பதற்கு எத்தனையோ நூற்றாண்டுக்கு முன்பே சங்கப் பாட்டில் தோழி இருக்கிறாள்.

மற்ற சொற்களையும் பார்த்துவிடலாம். 'கூட்டாளி' இலங்கைத் தமிழில் நண்பன்தான். தமிழ்நாட்டிலோ தொழிலில் பங்கு போட்டவர், இல்லையென்றால் திருட்டில் கூட இருந்தவர். ஆகவே பொதுவில் எழுத உதவாது. 'சகோதரத்துவம்' மேடைக்குச் சரி, வேலையிடத்துக்குக் கனம் அதிகம். 'குழுவுணர்வு' பரவாயில்லை, ஆனால் அது 'எங்கள் பிரிவு' என்ற பெருமையைச் சொல்கிறது. பிரெஞ்சில் 'எஸ்ப்ரி த கோர்' என்பார்களே, அதற்குச் சரியாக இருக்கும். பெருமை நிறைய இருந்தும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காத பிரிவுகள் உண்டு.

தோழமைக்குள் இருக்கிற ஒரு நுட்பத்தைக் குறளில் 'பழைமை' அதிகாரம் தனியாக எடுத்துச் சொல்கிறது. 'கெழுதகைமை' என்பது அதன் பெயர். நெடுநாள் பழகியதால் வருகிற உரிமை. 'விழைதகையான் வேண்டி இருப்பர் கெழுதகையால் கேளாது நட்டார் செயின்' என்கிறது 804ஆம் குறள். நம்மைக் கேட்காமலே நண்பர் உரிமையோடு ஒன்றைச் செய்துவிட்டால், அதை விரும்பி ஏற்றுக்கொள்வார்கள் என்று பொருள்.

ஃப்ளாக் பக்கத்துக் கடற்கரை ஹோட்டல் ஒன்றின் சமையற்கட்டில் இதை நேரில் பார்த்தேன். தைப்பூசக் காவடிக்கு விரதம் இருந்த நம் சமையல்காரர் ஒருவர் மீன் விந்தாய் செய்துகொண்டிருந்தார். கடுகும் மஞ்சளும் பூண்டும் வதங்குகிற வாசனை. மீனை அவர் வாயில் வைக்க முடியாது. அடுத்த அடுப்பில் நின்ற கிரியோல் பெண் வந்து, அவர் வாய் திறக்கும் முன்பே கரண்டியை எடுத்து ருசி பார்த்து, 'மான்க் என் திகித் தீசெல்' என்றார், கொஞ்சம் உப்புக் குறைகிறது என்று. இவர் உப்பைப் போட்டார். அந்தப் பெண் தன் அடுப்புக்குத் திரும்பிப் போய்விட்டார். விரதம் முடிகிற வரை தினமும் இப்படித்தானாம். யாரும் யாரிடமும் இதைக் கேட்டுக்கொள்ளவில்லை.

நிறுவனங்கள் நடத்தும் 'டீம் பில்டிங்' இதிலிருந்து வேறு. ஒரே நிற டி-ஷர்ட் போட்டு, வேன் ஏறி, பெல் மார் கடற்கரையில் கயிறு இழுப்பதில் தப்பு ஒன்றும் இல்லை. தயங்கித் தயங்கிப் பேசாமல் இருந்த இருவர் அன்று பேசத் தொடங்கலாம். அதைத் தமிழில் 'குழு இணக்கப் பயிற்சி' என்று எழுதலாம். ஆனால் தோழமை என்று அதற்குப் பெயர் வைக்காதீர்கள். பயிற்சிக்கு நாள் குறிக்க முடியும். தோழமை வளர, வேலை நேரத்துக்கு நடுவில் சேர்ந்து சாப்பிட நேரமும், தவறு செய்தவர் பயப்படாமல் ஒப்புக்கொள்ள இடமும் வேண்டும். அவசரத்துக்கு ஒருவர் ஷிப்டை இன்னொருவர் மாற்றிக்கொள்ள மேலாளர் அனுமதிக்கவும் வேண்டும். இந்த மூன்றும் இல்லாத இடத்தில் வேன் வாடகை வீண்.

எழுதும்போது 'தோழமை' என்று தனியாகவே எழுதலாம். வேலையிடம் என்று அழுத்திச் சொல்ல வேண்டியிருந்தால் 'பணித்தோழமை', ஆளைக் குறிக்க 'பணித்தோழர்', பெண்ணானால் 'பணித்தோழி'. 'எங்கள் ஆலையில் தோழமை உண்டு', 'தோழமையோடு வேலை செய்கிறார்கள்' என்று இயல்பாக வரும். தமிழ்நாட்டுச் செய்தித்தாள்களில் 'தோழமைக் கட்சிகள்' என்று தேர்தல் கூட்டணியைச் சொல்வதைப் பார்த்திருப்பீர்கள், அந்தப் பொருளை இங்கே கொண்டுவர வேண்டாம். கிரியோலில் பேசும்போது கமராத் கமராத்தாகவே இருக்கட்டும்.