தாலேட்டைத் தின்னும் பாக்டீரியாவுக்கு என்ன தேவை?

வீட்டுக்குப் பின்னால் ஓரிரண்டு ஆண்டுகள் வெயிலில் கிடந்த தோட்டத்துக் குழாயை எடுத்து மடக்கிப் பாருங்கள். வாங்கிய புதிதில் கைக்கு அடங்கிச் சுருண்ட குழாய் இப்போது விறைத்து நிற்கும். மடங்கும் இடத்தில் வெடிப்பு விடும். அதில் வெயிலுக்கும் பங்கு உண்டு. ஆனால் குழாயை மென்மையாக வைத்திருந்த பொருள் அதிலிருந்து மெல்லமெல்ல வெளியேறிவிட்டது என்பது இன்னொரு முக்கியக் காரணம்.

பிவிசி இயல்பில் கடினமான பிளாஸ்டிக். அதை வளையச் செய்வதற்காக நெகிழ்வூட்டிகளைச் சேர்க்கிறார்கள். இவற்றுள் நெடுங்காலமாகப் பெருமளவில் பயன்பட்டவை தாலேட்டுகள். அவற்றில் பேர்போனது டிஇஎச்பி. மென்மையான பிவிசி பொருள் ஒன்றின் எடையில் 30 முதல் 40 விழுக்காடு வரைகூட இதுவே இருக்கலாம். எண்ணெயில் ஊறிய ரொட்டி சானாய் மாவு கிழியாமல் விரிந்துகொடுப்பதைப் போல, சங்கிலி மூலக்கூறுகளின் இடையே தாலேட்டு புகுந்திருப்பதால்தான் பிவிசி வளைகிறது. அந்தச் சங்கிலிகளோடு அதற்கு வேதிப்பிணைப்பு எதுவும் கிடையாது. ஆகவே வெப்பமும் மழையும் மாறிமாறித் தாக்கும் பினாங்கு போன்ற ஊரில், உணவுக்கடை மேசைவிரிப்பு, மழைக்கோட்டு, மோட்டார்சைக்கிள் இருக்கையின் உறை, மின்கம்பியின் மேலுறை ஆகிய எல்லாவற்றிலிருந்தும் அது ஓயாமல் வெளியேறிக்கொண்டே இருக்கிறது. (தாப்பாவ் செய்து வாங்கும் தேநீர்ப் பைகள் பெரும்பாலும் பாலிஎத்திலீன் அல்லது பாலிபுரோப்பிலீனால் ஆனவை. அவற்றை வளையச் செய்யத் தாலேட்டு தேவையில்லை. அவற்றைப் பற்றிய கவலைகளை இதனோடு சேர்த்துக் குழப்பிக்கொள்ள வேண்டாம்.)

டிஇஎச்பி ஹார்மோன்களின் வேலையில் குறுக்கிடக்கூடியது. கருவிலிருக்கும் ஆண் எலிகளில் டெஸ்டோஸ்டிரோன் சுரப்பை அது குறைப்பது சோதனைகளில் உறுதியாகியுள்ளது. ஐரோப்பிய ஒன்றியம் 2005இல் இயற்றிய விதி, விளையாட்டுப் பொருள்களில் அதன் அளவை 0.1 விழுக்காட்டுக்குள் கட்டுப்படுத்தியது. ஆனால் சந்தையில் கட்டுப்படுத்துவது வேறு, ஏற்கனவே மண்ணிலும் ஆற்று வண்டலிலும் சேர்ந்துவிட்டதை அகற்றுவது வேறு. இரண்டாவது வேலைக்குப் பாக்டீரியாவை விடப் பொருத்தமான கருவி நம்மிடம் இல்லை என்பது என் கருத்து.

அவை இதை எப்படிச் செய்கின்றன? டிஇஎச்பி மூலக்கூறின் நடுவே ஒரு பென்சீன் வளையம். அதிலிருந்து இரண்டு எஸ்டர் பிணைப்புகள் வழியாக இரண்டு கிளைவிட்ட ஆல்கஹால் வால்கள் நீளுகின்றன. பாக்டீரியாவின் எஸ்டரேஸ் நொதி, நீர் மூலக்கூறு ஒன்றைப் பயன்படுத்தி முதல் வாலை வெட்டுகிறது. மிஞ்சுவது எம்இஎச்பி என்னும் ஒற்றை எஸ்டர். இரண்டாவது வாலும் வெட்டப்பட்டால் தாலிக் அமிலம் கிடைக்கும். வெட்டுண்ட வால்களை அந்த உயிரிகள் எளிதில் உணவாக்கிக்கொள்கின்றன, கடினமானது வளையம்தான். அதனுள் ஆக்சிஜன் அணுக்களைப் புகுத்தும் டைஆக்சிஜனேஸ் நொதிகள் இங்கே வேலையைத் தொடங்குகின்றன. பாக்டீரியாக்களைக் கிராம் என்னும் சாயச் சோதனை கொண்டு இரு பெருவகைகளாகப் பிரிப்பார்கள். கிராம் எதிர் பாக்டீரியாக்கள் பொதுவாக வளையத்தின் 4, 5ஆம் இடங்களிலும், கிராம் நேர் பாக்டீரியாக்கள் 3, 4ஆம் இடங்களிலும் ஆக்சிஜனைச் சேர்க்கின்றன. வழி வேறானாலும் இரண்டும் புரோட்டோகேட்டக்குயிக் அமிலம் என்னும் ஒரே இடைப்பொருளில் வந்து சேருகின்றன. அதன்பின் வளையம் உடைந்து, துண்டுகள் செல்லின் வழக்கமான ஆற்றல் சுழற்சிக்குள் நுழைந்து, கரியமில வாயுவாகவும் நீராகவும் புதிய செல்களாகவும் மாறுகின்றன.

இதில் பாதிவழியில் நின்றுவிடுவது ஆபத்தானது. உடலுக்குள் டிஇஎச்பி விளைவிக்கும் தீங்கின் பெரும்பகுதிக்குக் காரணமாகக் கருதப்படுவதே எம்இஎச்பிதான். எனவே ஒரு பாக்டீரியா டிஇஎச்பியை அகற்றிவிட்டது என்ற செய்தியைக் கேட்டவுடன் மகிழ்ந்துவிடாமல், எம்இஎச்பி எங்கே போயிற்று என்று கேட்க வேண்டும். வளையத்தில் கதிரியக்கக் கார்பன்-14 வைத்துத் தயாரித்த மூலக்கூறைக் கொடுத்து, வெளிவரும் கரியமில வாயுவில் அந்தக் கார்பன் தென்படுகிறதா என்று பார்ப்பது இக்கேள்விக்கு நேர்மையான விடை தரும் முறை.

எல்லாப் படிகளையும் ஒரே பாக்டீரியா முடித்தாக வேண்டும் என்பதில்லை. கழிவுநீர்ச் சேற்றிலிருந்து பிரித்தெடுத்த இரண்டு பாக்டீரியாக்களைப் பற்றி 2010இல் வெளியான ஆய்வு இதற்கு அருமையான சான்று. அவற்றுள் கோர்டோனியா இனத்தைச் சேர்ந்தது, டிஇஎச்பிக்கு நெருங்கிய உறவான டைஆக்டைல் தாலேட்டைத் தாலிக் அமிலம்வரை சிதைத்து அங்கேயே நின்றுவிட்டது. ஆர்த்ரோபாக்டர் இனத்தைச் சேர்ந்த மற்றொன்றால் அந்தத் தாலேட்டைத் தொட முடியவில்லை. ஆனால் தாலிக் அமிலத்தை அது முழுமையாகத் தின்றது. இரண்டையும் சேர்த்து வளர்த்தபோது தாலேட்டு முற்றிலும் சிதைந்தது. மண்ணிலும் ஆற்றிலும் நடப்பது பெரும்பாலும் இத்தகைய கூட்டுவேலைதான்.

இவ்வளவு திறமை இருந்தும் தாலேட்டு ஏன் மிஞ்சிக்கிடக்கிறது? ஒரு லிட்டர் நீரில் டிஇஎச்பி சில மைக்ரோகிராம் அளவே கரையும். மீதியெல்லாம் சேற்றுத் துகள்களில் ஒட்டிக்கொள்ளும். ஒட்டியதை நொதி எட்ட முடிவதில்லை. கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையத்தில் தெளிந்து வெளியேறும் நீரில் டிஇஎச்பி குறைந்திருந்தால், அது சிதைந்துதான் மறைந்தது என்று கொள்ள முடியாது. கணிசமான பங்கு சேற்றோடு போயிருக்கலாம். குறுகிய வால்கள் உடைய டைபியூட்டைல் தாலேட்டு காற்றோட்டமுள்ள மண்ணில் சில நாள்களில் பாதியாகக் குறையும்போது, டிஇஎச்பி அதைவிட நெடுநாள் நிலைப்பதற்கு அதன் நீண்ட, கிளைவிட்ட வால்களும் ஒரு காரணம்.

ஆகவே ஆய்வகத்தில் வளர்த்த பாக்டீரியாவைக் கொண்டுபோய்க் கொட்டுவது மட்டும் போதாது. புதிதாக வந்தவை அந்த இடத்து உயிரிகளோடு போட்டியிட முடியாமல் பல சமயம் மடிந்துவிடுகின்றன. ஏற்கனவே இருப்பவற்றுக்கு ஆக்சிஜனையும், குறைந்திருக்கும் ஊட்டத்தையும் கொடுப்பதே பெரும்பாலும் பயன்தரும் வழி. நிபோங் திபாலை அடுத்த பூலாவ் பூரோங் குப்பைக் கிடங்கில் இதற்கான அடிப்படை ஒன்றைக் காணலாம். 1991இல் அது அரைக் காற்றோட்ட முறையில் அமைக்கப்பட்டது. 2001இல் கசிவுநீரை மீண்டும் குப்பைக்குள் செலுத்தும் ஏற்பாடு சேர்ந்தது. ஜப்பானின் ஃபுகுவோக்காவில் உருவான இம்முறையில், அழுகும் குப்பையின் சூட்டால் உள்ளிருக்கும் வாயு மேலெழும்ப, அடியில் பதித்த துளையிட்ட பெருங்குழாய்கள் வழியாக வெளிக்காற்று தானாகவே உள்ளே இழுக்கப்படுகிறது. விசிறியோ மின்சாரமோ தேவையில்லை. இது தாலேட்டை மனத்தில் வைத்து அமைத்ததல்ல. என்றாலும், டைஆக்சிஜனேஸ் நொதிகளுக்கு வேண்டிய ஆக்சிஜன் குப்பைமேட்டின் ஒரு பகுதிக்காவது கிடைப்பதற்கு அது வழிசெய்கிறது. தாலேட்டைச் சிதைக்கும் பாக்டீரியாக்கள் பல 30 பாகை செல்சியஸை ஒட்டிய வெப்பத்தில் நன்றாக வளர்பவை என்பதால், ஆண்டு முழுவதும் நம் வானிலையும் அவற்றுக்குத் துணை நிற்கிறது.

ஆற்று வண்டலில் நிலைமை கடினமானது. ஜுரு ஆற்றின் மாசுக்காக 1970களிலேயே பினாங்குப் பயனீட்டாளர் சங்கம் குரலெழுப்பியது. இத்தகைய ஆறுகளின் அடிச்சேற்றில் மேற்பரப்புக்குச் சற்றுக் கீழேயே ஆக்சிஜன் தீர்ந்துவிடும். அங்கும் தாலிக் அமிலத்தைச் சிதைக்கவல்ல பாக்டீரியாக்கள் உண்டு. தௌவேரா போன்றவை ஆக்சிஜனுக்குப் பதிலாக நைட்ரேட்டைக் கொண்டு சுவாசிக்கின்றன. தாலிக் அமிலத்தைத் துணைநொதி ஏ என்னும், நொதிகளுக்கு உதவும் மூலக்கூறுடன் இணைத்து, அதிலிருந்து ஒரு கரியமில வாயு மூலக்கூறை நீக்கி, பென்சாயில் துணைநொதி ஏ-யாக மாற்றிய பிறகே வளையத்தை உடைக்கின்றன. இது மெதுவான வழி. நைட்ரேட்டை ஆற்றில் சேர்த்து அதை விரைவுபடுத்தலாமே என்றால், அதே நைட்ரேட்டு கழிமுகத்தைத் தாண்டிக் கடலுக்குப் போய்ப் பாசியைப் பெருக்கும். எனவே வண்டலைத் தோண்டியெடுத்து, காற்று புகும் படுகைகளில் பரப்பிச் சிதையவிடுவதே இப்போதைக்கு நம்பத்தக்க வழி; அதிலும் எம்இஎச்பியின் அளவைத் தொடர்ந்து சோதித்த பின்னரே அந்த மண்ணை வேறு பயனுக்கு விட வேண்டும்.