வயிற்றுப்போக்கு என்று வருவார்கள், உள்ளே மலம் கட்டியிருக்கும்

டிமென்ஷியா என்னும் மறதி நோய் வந்த கணவரைக் கூட்டிக்கொண்டு முதியோர் மருத்துவப் பிரிவுக்கு வரும் அம்மாக்கள் எல்லாவற்றையும் சொல்வார்கள். ராத்திரி தூங்குவதில்லை, சாப்பாட்டைத் தள்ளிவிடுகிறார், குளிக்கக் கூப்பிட்டால் கையை ஓங்குகிறார் என்று ஒன்று விடாமல் வரும், ஆனால் வெளிக்குப் போவதைப் பற்றி மட்டும் நாங்களாகக் கேட்டால்தான் பேச்சு வரும். பக்கத்தில் மகனோ மருமகளோ நின்றால் அதுவும் வராது, "அதெல்லாம் சரியாத்தான் போகுது டாக்டர்" என்று முடித்துவிடுவார்கள். கூட வந்தவரை மருந்துச் சீட்டோடு வெளியே அனுப்பிவிட்டுத் திரும்பக் கேட்டால்தான் நிலவரம் தெரியும்.

அதனால் ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். டிமென்ஷியா உள்ளவர் இரண்டு மூன்று நாளுக்குள் திடீரென்று மாறிப்போனால், அதாவது நேற்று வரை ஓரளவு சமாளித்தவர் இன்று கத்துகிறார், ஆளைத் தெரியவில்லை, அல்லது நேர்மாறாகச் சுருண்டு படுத்துவிட்டார் என்றால், நோய் முற்றிவிட்டது என்று முடிவுகட்டாதீர்கள். டிமென்ஷியா ஒரே ராத்திரியில் அப்படிக் கூடுவதில்லை. அதன் மேல் வேறு ஏதோ ஏறியிருக்கிறது. சிறுநீர்த் தொற்று, சளிக் காய்ச்சல், புதிதாக ஆரம்பித்த மாத்திரை, எங்காவது விழுந்தது, இவற்றோடு மலச்சிக்கலும் அந்தப் பட்டியலில் உண்டு. வயிறு வலிக்கிறது என்று சொல்ல வார்த்தை வராத மனிதர் வேறு எப்படிச் சொல்வார்?

இதில் அதிகம் ஏமாற்றுவது வயிற்றுப்போக்கு. "ஒரு வாரமா தண்ணியாப் போகுது, துணி மாத்தி மாத்தி முடியலை" என்பார்கள். மருந்துக் கடையில் கேட்டு, போக்கை நிறுத்தும் லோபரமைடு மாத்திரையை வாங்கிக் கொடுத்திருப்பார்கள். வயிற்றைத் தொட்டுப் பார்த்தால் இடது பக்கம் கட்டியாகத் தட்டுப்படும், ஆசனவாயில் விரல் விட்டுப் பரிசோதித்தால் கல் மாதிரி மலம் அடைத்திருக்கும். அடைத்த சாக்கடையில் தண்ணீர் ஓரமாகக் கசிவதைப் போல, மேலே இருக்கும் நீர்த்த மலம் அந்தக் கட்டியைச் சுற்றி ஒழுகிக்கொண்டிருக்கும். கொஞ்சம் கொஞ்சமாக, நாள் முழுக்க, அவருக்கே தெரியாமல், கடும் நாற்றத்தோடு உள்ளாடையில் பட்டுக்கொண்டே இருந்தால், அதற்கு முன்னால் பல நாள் சரியாகப் போகாமலும் இருந்தால், இந்தச் சந்தேகம் வரவேண்டும். இப்போது போக்கை நிறுத்தும் மாத்திரை கொடுத்தால் அடைப்பு இன்னும் இறுகும். நிரம்பிய மலக்குடல் சிறுநீர்ப்பையையும் அழுத்துவதால், சிறுநீர் முழுதாகப் போகாமல் சொட்டுச் சொட்டாகவும் ஒழுகலாம். இதற்கு எனிமாவோ ஆசனவாய் வழி வைக்கும் மருந்தோ தேவைப்படும், சில சமயம் நாங்கள்தான் கையால் எடுக்கவேண்டியிருக்கும். வீட்டில் நீங்களே எடுக்கப் பார்க்காதீர்கள், புண்ணாகி ரத்தம் வரலாம், இதயத் துடிப்பு குறைந்து மயங்கியும் விழலாம்.

சரி, ஏன் இப்படிக் கட்டிக்கொள்கிறது? தாகம் எடுப்பது உறைக்காது, நடமாட்டம் குறையும், முட்டுகிறது என்ற உணர்வு வந்தாலும் அதற்கு எழுந்து எங்கே போகவேண்டும் என்று தெரியாது. அதற்கு மேல் மாத்திரைகள். இரும்புச்சத்து, கால்சியம், ட்ரமடால் மாதிரி வலி மாத்திரை, கொடீன் கலந்த இருமல் மருந்து, மனச்சோர்வுக்கோ நரம்பு வலிக்கோ கொடுக்கும் அமிட்ரிப்டிலின், சிறுநீர் அடக்குவதற்கான ஆக்சிபியூட்டினின், கை நடுக்கத்துக்குக் கொடுக்கும் ட்ரைஹெக்சிஃபெனிடில், ஏன், சளிக்கு வாங்கும் குளோர்ஃபெனிரமின்கூடக் குடலை மந்தமாக்கும். கடைசியாகச் சொன்ன நான்கும் குழப்பத்தையும் கூட்டும். இன்னொரு வேடிக்கை, நினைவாற்றலுக்கென்று கொடுக்கும் டோனபெசில் சிலருக்கு வயிற்றுப்போக்கையும் அவசரமாகச் சிறுநீர் வருவதையும் உண்டாக்கும், அதை நிறுத்த வேறொரு மருத்துவர் ஆக்சிபியூட்டினின் எழுதுவார், அது டோனபெசிலுக்கு நேர் எதிராக வேலை செய்து மலத்தையும் கட்டும். இரண்டு சீட்டும் இரண்டு இடத்தில் இருப்பதால் யாருக்கும் தெரியாது. நீங்களாக எதையும் நிறுத்தவேண்டாம், எல்லா மாத்திரையையும் ஒரே பையில் போட்டு ஒரே மருத்துவரிடம் காட்டுங்கள்.

தண்ணீர் விஷயத்தில் பல வீடுகளில் தலைகீழாக நடக்கிறது. படுக்கை நனைகிறது என்று தண்ணீரைக் குறைத்துவிடுகிறார்கள். மலம் இறுகுகிறது, சிறுநீர் அடர்ந்து எரிச்சல் கூடுகிறது, கடைசியில் முன்பைவிட அதிகமாகத்தான் நனைகிறது. காலையிலிருந்து சாயங்காலம் வரை ரசம், மோர், கஞ்சி, வெந்நீர் என்று கையில் கொடுத்துக்கொண்டே இருங்கள், படுக்கப்போகும் முன் மட்டும் குறைத்துக்கொள்ளலாம். இதய பலவீனமோ சிறுநீரகக் கோளாறோ இருந்தால் அளவை மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். கீரை, பப்பாளி, ஊறவைத்த அத்திப்பழம் நல்லது. ஆனால் தண்ணீர் சரியாகக் குடிக்காதவருக்கு இசப்கோல் என்னும் நார்ச்சத்துப் பொடியைக் கொடுத்தால் அதுவே உள்ளே கெட்டியாகி அடைக்கும். அப்புறம் விளக்கெண்ணெய். புரையேறும் பழக்கம் உள்ளவருக்கு விளக்கெண்ணெயும் வேண்டாம், லிக்விட் பாரஃபின் கலந்த வெள்ளை சிரப்பும் வேண்டாம். எண்ணெய் நுரையீரலுக்குள் போனால் ஒருவகை நிமோனியா வரும். லாக்டுலோஸ் என்னும் மலமிளக்கி சிரப் பொதுவாகப் பாதுகாப்பானது, ஆனால் வேலை செய்ய ஒன்றிரண்டு நாள் ஆகும், காலையில் கொடுத்துவிட்டு மத்தியானம் வரவில்லையே என்று இன்னொரு தரம் ஊற்றாதீர்கள்.

மருந்தைவிட நேரம் முக்கியம். சாப்பிட்டதும் குடல் தானாக அசையும், அதிலும் காலையில் அது பலமாக இருக்கும். காபி, டிபன் முடிந்து இருபது முப்பது நிமிடத்தில் தினமும் அதே நேரத்துக்குக் கூட்டிப்போய் உட்காரவையுங்கள். "வருதா?" என்று கேட்டால் "இல்லை" என்றுதான் பதில் வரும், கேள்வியே புரிந்திருக்காது. "வாங்க, கை கழுவிட்டு வரலாம்" என்று எழுப்பிக் கூட்டிப்போகும் மனைவிமார்கள் பெரும்பாலும் ஜெயித்துவிடுகிறார்கள். வாழ்நாள் முழுக்கக் குந்தி உட்கார்ந்தவருக்கு வெஸ்டர்ன் டாய்லெட்டில் கால் தொங்கினால் முக்க வராது. பாதத்துக்கு அடியில் வழுக்காத சின்ன ஸ்டூல் ஒன்று போட்டால் முழங்கால் இடுப்புக்கு மேலே வரும், அதுவே பாதி வேலையை முடித்துவிடும். எழுந்திருக்கும்போது ஸ்டூலை நகர்த்திவிடுங்கள். மற்ற நேரத்தில் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை சிறுநீருக்குக் கூட்டிப்போகலாம், நடுவில் வேட்டியை இழுப்பது, எழுந்து எழுந்து உட்காருவது, அலமாரிக் கதவைத் திறப்பது எல்லாம் அவசரத்தின் அடையாளம்.

வெள்ளை டைல்ஸ் நடுவில் வெள்ளை டாய்லெட் அவர் கண்ணுக்குத் தெரியாமல் போகலாம், பக்கத்தில் இருக்கும் நீல பக்கெட்டுதான் பளிச்சென்று தெரியும், அதில் போய்விடுவார். பக்கெட்டை எடுத்துவிட்டு டாய்லெட்டுக்கு அடர்ந்த நிறத்தில் ஒரு சீட் மாட்டுங்கள். கதவைத் திறந்தே வைத்து ராத்திரி விளக்கைப் போட்டுவையுங்கள், உள்தாழ்ப்பாளைக் கழற்றிவிடுங்கள். கண்ணாடியில் வேறு யாரோ நிற்பதாக நினைத்து உள்ளே போக மறுப்பவர்களும் உண்டு, அப்படியானால் ஒரு துண்டைப் போட்டு மூடிவிடலாம்.

மலத்தைக் கையில் எடுத்துச் சுவரில் பூசுவதைப் பற்றி யாரும் வெளியே சொல்வதில்லை. "வேணும்னே பண்றாரு" என்று அழுதுகொண்டே சொல்வார்கள். அவருக்கு அங்கே ஏதோ உறுத்துகிறது, கையால் எடுக்கப் பார்க்கிறார், எடுத்தது என்னவென்று தெரியவில்லை, கையைத் துடைக்கச் சுவர்தான் கிடைக்கிறது, அவ்வளவுதான். பெரும்பாலும் பின்னால் இருப்பது மலச்சிக்கலோ, மூலமோ, நேரத்துக்கு மாற்றாத டயப்பரோ. திட்டினால் பயந்து மறைக்க ஆரம்பிப்பார், பீரோவுக்குள் பொட்டலமாகக் கிடைக்கும்.

மனைவியைக் கவனிக்கும் கணவர்களின் கஷ்டம் வேறு மாதிரி. சேலை கட்டிவிடத் தெரியாமல் போராடுகிறவர்கள் நைட்டிக்கு மாற்றிவிடுங்கள். கழுவும்போது முன்னிருந்து பின்னாகத்தான் கழுவவேண்டும், பின்னிருந்து முன்னுக்கு வந்தால் சிறுநீர்த் தொற்று. இதை ஐம்பது வருடம் குடும்பம் நடத்திய ஆணுக்கும் யாரும் சொல்லிக்கொடுத்திருக்க மாட்டார்கள். எடுத்தவுடன் குளிர்ந்த தண்ணீரை ஊற்றாமல், "தண்ணி ஊத்தப்போறேம்மா" என்று சொல்லிவிட்டு வெதுவெதுப்பாக ஊற்றுங்கள், முடிந்தால் மக்கை அவர் கையிலேயே கொடுங்கள், பழகிய கை சில சமயம் தானாக வேலை செய்யும்.

டயப்பர் ராத்திரிக்கும் பயணத்துக்கும் சரி. நடக்கக்கூடியவருக்குப் பகல் முழுக்கக் கட்டிவிட்டால் டாய்லெட் போகும் பழக்கமே விட்டுப்போகும். மலம் பட்டால் உடனே மாற்றவேண்டும், தோலுக்கு ஜிங்க் ஆக்சைடு கிரீம் போடுங்கள், பவுடர் ஈரத்தில் கட்டிதட்டிப் புண்ணாக்கும்.

வயிறு உப்பி வாந்தி வந்தால், காற்றுகூடப் பிரியாவிட்டால், மலத்தில் ரத்தம் வந்தாலோ கறுப்பாகப் போனாலோ, சிறுநீர் பல மணி நேரம் வராமல் அடிவயிறு வீங்கினால், காய்ச்சலோடு குழப்பம் கூடினால் அன்றைக்கே மருத்துவமனைக்கு வந்துவிடுங்கள்.

மற்றபடி மூன்று நாளுக்கு மேல் போகாமல் இருந்தால் மருத்துவரிடம் பேசலாம், ஆனால் மூன்று நாள் ஆனது என்பதே பலருக்கு நினைவிருப்பதில்லை, உங்களுக்கும் தூக்கம் கிடையாதே. பால் கணக்கு எழுதும் மாதக் காலண்டரிலேயே போன அன்று ஒரு டிக், இறுகலாகப் போனால் பக்கத்தில் ஒரு புள்ளி, தண்ணியாகப் போனால் ஒரு கோடு போட்டுவையுங்கள். மகன் முன்னால் வாய்விட்டுச் சொல்லவும் வேண்டாம், போனில் படம் எடுத்துவந்து நீட்டினால் போதும், மீதியை நாங்கள் பார்த்துக்கொள்வோம்.