அரியமானில் நிற்பது பைன் அன்று

உச்சிப்புளிக்கும் மண்டபத்துக்கும் இடைப்பட்ட கடலோர மணலில் நாற்றங்கால் நடத்தும் என்னிடம், கோடை விடுமுறைக்குக் கொடைக்கானல் போய் வந்தவர்கள் ஆண்டுதோறும் தவறாமல் கேட்பது இதுதான்: "சவுக்கும் பைன்தானே ஐயா, அந்தக் கன்று இங்கே வராதா?" சென்ற ஜூனில் தங்கும் விடுதி நடத்தும் ஒருவர், "எந்த மண்ணிலும் வரும்" என்ற விற்பனையாளரின் பேச்சை நம்பி வாங்கிய 12 பைன் கன்றுகளை வண்டியிலிருந்து இறக்கினார். ஊசிகள் நுனியிலிருந்து கருகத் தொடங்கியிருந்தன.

எங்கள் பக்கத்து அரியமான் கடற்கரைத் தோப்பில் சவுக்கின் ஊசி ஒன்றை இரு விரல்களால் மெல்ல இழுத்தால், அது கணுவில் கழன்று வரும். கழன்ற இடத்தில் பல் வரிசைபோல ஏழெட்டுச் செதில்கள் தெரியும். அந்தச் செதில்களே இலைகள்; ஊசி என்று நாம் சொல்வது பச்சைக் குச்சி. சவுக்கு பூக்கும் தாவரம். பைன் பூவும் கனியும் இல்லாமல் கூம்பில் விதை வைக்கும் வேறு இனம்.

இமயத்தின் சிர் பைனை எடுத்துக்கொள்வோம். ஏறத்தாழ 500 முதல் 2,000 மீட்டர் வரை உயரமுள்ள, வெயில் நன்கு படும், நீர் தேங்காத சரிவுகளே அதன் இருப்பிடம். 20 முதல் 30 சென்டிமீட்டர் நீளமுள்ள ஊசிகள் மூன்று மூன்றாக ஓர் உறைக்குள் சேர்ந்திருக்கும். கூம்பு முதிர ஏறத்தாழ இரண்டு ஆண்டுகள் ஆகும். பிறகு அது விரிந்து, சிறகுள்ள விதைகளைக் காற்றில் விடும். உதிர்ந்த ஊசிகள் கோடையில் எளிதில் தீப்பிடித்தாலும், முதிர்ந்த மரத்தைத் தடித்த பட்டை பெரும்பாலும் காத்துவிடுகிறது. தென்னிந்தியாவுக்கு இயல்பான பைன் எதுவும் கிடையாது. கொடைக்கானலில் இருப்பவையும் மனிதர் நட்டவையே.

பைன் வேர்களோடு ஒருவகைப் பூஞ்சை கூடி வாழ்ந்து மண்ணின் சத்தை எடுத்துக் கொடுக்கிறது. அந்தத் துணையும் சற்றே புளிப்பான மண்ணும் இல்லாவிட்டால் கன்று தேறுவது கடினம். நம் கரையிலோ கிளிஞ்சலும் பவளத்தூளும் கலந்த சுண்ணாம்பு மணல், போதாததற்கு இலைமேல் படியும் உப்புக் காற்று. சவுக்குக்குக் காற்றிலுள்ள நைட்ரஜனை நிலைநிறுத்தும் நுண்ணுயிர் வேரிலேயே துணை இருப்பதால் வெறும் மணலிலும் அது வளர்ந்துவிடுகிறது. அதற்காக ஆமை முட்டையிடும் மணல்மேட்டில் சவுக்கை அடர்த்தியாக நடுவதை நான் ஏற்பதில்லை.

விடுதிக்காரரிடம் பூவரசும் புன்னையும் வைக்கச் சொன்னேன். அவர் கொண்டுவந்த 12 பைகளில் இப்போது பூவரசம் போத்துகள் துளிர்விட்டிருக்கின்றன.