கேஷ்லெஸ் ரிஜெக்ட் ஆனால் எல்லாம் முடிந்துவிடாது

கோத்தகிரியில் எங்கள் பக்கத்து வீட்டு அக்காவுக்குப் பித்தப்பையில் கல். ஆபரேஷனுக்காக கோயம்புத்தூருக்கு இறங்கினார்கள். அட்மிஷன் போட்ட பிறகு இன்சூரன்ஸ் டெஸ்க்கில் ஒரு தாளை நீட்டி, "கேஷ்லெஸ் ரிஜெக்ட் ஆயிடுச்சும்மா" என்றார்களாம். அதாவது, ஆஸ்பத்திரி பில்லை இன்சூரன்ஸ் கம்பெனியே நேரடியாகக் கட்டும் வசதி கிடைக்காது. வளையலை அடகு வைத்துப் பில்லைக் கட்டினார்கள். ஊர் திரும்பியதும் ஃபைலைப் பரணில் போட்டுவிட்டார்கள்.

போன வாரம் அதை இறக்கிப் பார்த்தோம். மெடிக்கல் ஷாப் பில்களில் பாதி எழுத்து வெளிறிவிட்டது. பில் அச்சடிக்கும் தாள் அப்படித்தான். வாங்கிய அன்றைக்கே ஜெராக்ஸ் எடுத்துவிடுங்கள்.

கேஷ்லெஸ் மறுப்பு வேறு, க்ளெய்ம் மறுப்பு வேறு. கையிலிருந்து கட்டியிருந்தாலும் அசல் பில், டிஸ்சார்ஜ் சம்மரி, ஸ்கேன் ரிப்போர்ட் எல்லாம் வைத்துப் பணத்தைத் திருப்பிக் கேட்கலாம். பாலிசியில் அதற்குக் கெடு இருக்கும், அதைத் தவறவிடக் கூடாது.

அதையும் மறுத்தால், பாலிசியின் எந்த நிபந்தனைப்படி மறுக்கிறார்கள் என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள். அதைக் குறிப்பிட்டுத்தான் மறுக்க வேண்டும் என்பது இன்சூரன்ஸ் ஒழுங்குமுறை ஆணையத்தின் விதி. அக்காவின் தாளில் இருந்த காரணம், பிபி இருப்பதை முன்பே சொல்லவில்லை என்பது. பாலிசியோ விடாமல் ஆறு வருஷமாக ஓடுகிறது! தொடர்ந்து 60 மாதம் பிரீமியம் கட்டியிருந்தால், மோசடி என்று நிரூபித்தாலொழிய, நோயைச் சொல்லவில்லை என்று க்ளெய்மைத் தள்ள முடியாது. 2024-க்கு முன் இது 8 ஆண்டாக இருந்தது. பலருக்கும் இது தெரியாததுதான் என் ஆதங்கம்.

முதலில் கம்பெனியின் குறைதீர் அதிகாரிக்கு எழுதுங்கள். ஒரு மாதத்தில் பதில் வராவிட்டாலோ, வந்த பதில் திருப்தியில்லை என்றாலோ, ஒரு வருடத்துக்குள் சென்னையிலுள்ள இன்சூரன்ஸ் ஆம்புட்ஸ்மேனிடம் (கம்பெனி மீதான புகார்களை விசாரித்துத் தீர்க்கும் அதிகாரி) போகலாம். 50 லட்சம் ரூபாய் வரை கேட்கலாம். கட்டணம் இல்லை, வக்கீலும் வேண்டாம். புகாரை ஆன்லைனிலேயே கொடுக்கலாம், விசாரணையை வீடியோவில் நடத்தவும் விதியில் இடமுண்டு. மலையில் இருப்பவர்களுக்கு அது எவ்வளவு பெரிய உதவி!

முதலமைச்சர் காப்பீட்டு அட்டை வைத்திருப்பவர்களுக்கு வழி வேறு. 1800 425 3993 என்ற இலவச எண்ணில் கேளுங்கள், அல்லது ஊட்டி கலெக்டர் ஆபீஸில் மனு கொடுங்கள்.

அக்காவின் பில்களை நேற்று வரிசையாக அடுக்கி ஜெராக்ஸ் போட்டாயிற்று. திங்கட்கிழமை ஸ்பீட் போஸ்டில் அனுப்புகிறோம்.