தீத்தாங்கி, வெப்பக்காப்பு

பல்லடம் பக்கம் ஒரு நூல்மில்லில் போன வாரம் பாதுகாப்புப் பயிற்சி. கையில் கொடுத்த, ஆங்கிலத்திலிருந்து பெயர்த்த தாளில் சிலிக்கா ஏரோஜெல் (நுண்துளைகளில் காற்று நிறைந்த, மிக இலேசான பொருள்) பலகையை 'தீத்தடுப்பு வெப்பத்தடைப் பொருள்' என்று அச்சிட்டிருந்தார்கள். எத்தனை தடவைதான் இதைப் படிப்பது? இரண்டு சொல்லும் பிழை.

ஆங்கிலத்தில் அது ஃபயர் ரெசிஸ்டன்ட் இன்சுலேஷன். ரெசிஸ்ட் என்றால் லத்தீன் வேரில் எதிர்த்து நிற்பது. இன்சுலேட், தீவைக் குறிக்கும் இன்சுலாவிலிருந்து வந்தது. தனியே பிரித்து வைப்பது. சரி, தமிழுக்கு வருவோம்.

தடுப்பது என்றால் வராமல் பார்ப்பது. பஞ்சுக் குடோனில் பீடி பற்றவைக்க விடாதது தீத்தடுப்பு. இந்தப் பலகையோ தீ வந்த பிறகு எரியாமல் நிற்கிறது. தீக்கதவுகளுக்கு 60 நிமிடம், 120 நிமிடம் என்று தரம் போடுவதும் எவ்வளவு நேரம் தாங்கும் என்பதற்குத்தான். இடிதாங்கி இடியைத் தடுக்கிறதா? சுமைதாங்கிக் கல் சுமையைத் தடுக்கிறதா? அந்த வரிசையில் தீத்தாங்கி என்பதுதான் சரி. தீச்சட்டி எடுப்பவர் என்று நினைத்துக்கொள்வார்களே என்றார் ஒரு நண்பர். கொங்கில் அதற்குப் பூவோடு எடுப்பது என்றுதான் பேர், குழப்பம் வராது.

பூவோட்டையே பாருங்கள். மண் ஓடு தீயைத் தாங்குகிறது, ஆனால் சுடும். அடியில் பிடிக்கிற வேப்பிலை சூட்டைக் கைக்கு விடாது, ஆனால் நெருப்பில் விழுந்தால் கருகிவிடும். இரண்டும் வேறு வேறு குணம்.

வெப்பத்தடை என்பது மின்தடை போல அளக்கிற ஒரு அளவு. பொருளுக்கு மின்காப்பு என்கிறோம். அப்புறம் இதற்கு மட்டும் ஏன் தடை? வெப்பக்காப்புதான். பொங்கலுக்கு முன்நாள் வேப்பிலை, ஆவாரம்பூ, பூளைப்பூ வைத்துக் காப்புக் கட்டுகிற ஊரில் இந்தச் சொல் யாருக்கு விளங்காது?

1931-இல் அமெரிக்க வேதியியலாளர் கிஸ்ட்லர் செய்துகாட்டிய ஏரோஜெல்லுக்கு இரண்டு பேரும் பொருந்தும். சிலிக்கா ஏற்கெனவே ஆக்சிஜனோடு சேர்ந்தது. எரிய அதில் மிச்சம் இல்லை. காற்று மூலக்கூறு இன்னொன்றின்மேல் மோதுமுன் சராசரியாக 70 நானோமீட்டர் போகும். ஏரோஜெல்லின் துளைகள் பெரும்பாலும் அதைவிடச் சிறியவை. அதனால் மூலக்கூறுகள் சூட்டை எளிதில் கைமாற்ற முடிவதில்லை. அசையாத காற்றைவிடக் குறைவாகவே வெப்பம் கடக்கிறது.

அதே தாளில் 'இயற்கை அல்லாத நானோ பொருள்' என்றும் இருந்தது. இனார்கானிக் என்பதைத்தான் அப்படிப் பெயர்த்திருக்கிறார்கள். ஆர்கானிக் என்றால் இயற்கை விவசாயம் என்ற பேச்சு இங்கே வந்து ஒட்டிக்கொண்டது. மணலும் சேலத்து வெள்ளைக்கல்லும் இயற்கை இல்லாமல் வேறென்ன? ஆர்கானிக் கரிமம், இனார்கானிக் கனிமம் என்று பள்ளி வேதியியல் புத்தகத்திலேயே தெளிவாக இருக்கிறது. மொழிபெயர்ப்பவர்கள் அதை ஒருமுறை புரட்டியிருக்கலாம்.