ஏஐ தரும் பாசுரத்தை நம்பலாமா?

நூலகத்தில் ஆழ்வார்கள் பாடிய நாலாயிர திவ்யப் பிரபந்தம் தேடி வருகிறவர்களில் சிலர் இப்போது கைப்பேசியை நீட்டி, "இது எந்தப் பத்துல வருது, பார்த்துச் சொல்லுங்க சார்" என்கிறார்கள். எதுகை அமைந்திருக்கும், திருமால் இருப்பார், கீழே நம்மாழ்வார் பெயரும் இருக்கும். நாலாயிரத்தில் மட்டும் இருக்காது. ஏஐ கட்டிய பாட்டு அது.

இந்தச் செயலிகளிடம் பாசுரத்தை நினைவிலிருந்து கேட்டால், அடுத்து வரக்கூடிய சொல்லைக் கணித்துக் கணித்துக் கோக்கும். பழந்தமிழில் அவை படித்ததும் கொஞ்சம்தான். தடுமாறாமல் சொல்வதால் நாமும் நம்பிவிடுகிறோம்.

நம்மாழ்வாரின் திருவாய்மொழியில் போலியைப் பிடிப்பது சுலபம். முழுக்க அந்தாதி: ஒரு பாசுரம் முடியும் சொல்லில் அடுத்தது தொடங்கும். 'உயர்வற' என்று தொடங்கி, 1,102ஆம் பாசுரம் 'உயர்ந்தே' என்று முடிந்து மறுபடி முதலோடு சேரும். முன்பின் பாசுரங்களோடு முடிச்சு விழாவிட்டால் சந்தேகப்படுங்கள். எண்ணும் காட்டிக்கொடுக்கும். பதிகத்துக்குப் பதினொரு பாசுரங்கள்; பன்னிரு திருநாமங்களைப் பாடும் 'கேசவன் தமர்' மட்டும் 13. ஆகவே 4-3-12, அதாவது நான்காம் பத்து, மூன்றாம் பதிகம், 12ஆம் பாசுரம் என்று ஏஐ சொன்னால் புத்தகத்தைத் திறக்கவே வேண்டாம். சம்பந்தர் தேவாரத்திலும் இப்படி ஒரு பிடி உண்டு: பெரும்பாலான பதிகங்களில் எட்டாம் பாட்டில் இராவணன் வருவான், ஒன்பதில் அயனும் மாலும்.

திருவாய்மொழியின் உரைக்கு வந்தால் சிக்கல் கூடும். ஆறாயிரப்படி, ஒன்பதினாயிரப்படி என்று தொடங்கி, நம்பிள்ளை சொல்ல வடக்குத் திருவீதிப் பிள்ளை எழுதிவைத்த ஈடு முப்பத்தாறாயிரப்படி வரை வியாக்கியானங்கள் பல. "ஈடு என்ன சொல்கிறது?" என்று பொதுவாகக் கேட்டால், எல்லாவற்றையும் கலந்து ஈட்டின் பெயரில் தந்துவிடும்.

நான் சொல்லித்தருவது ஒரே வழிதான். அச்சுப் பிரதியிலிருந்து பாசுரத்தையும் உரைப் பகுதியையும் நீங்களே உள்ளிடுங்கள். "இதில் உள்ளதை மட்டும் வைத்துச் சொல், இல்லாததை இல்லை என்று சொல்" என்று கேளுங்கள். உரைகளின் மணிப்பிரவாளத்தில் (தமிழும் வடமொழியும் கலந்த நடை) திணறுகிறவர்களுக்கு வடசொற்களைப் பிரித்து எளிய தமிழில் தருவதிலும், சந்தி பிரிப்பதிலும், படித்ததைச் சோதிக்கக் கேள்வி தயாரிப்பதிலும் ஏஐ நன்றாகவே உதவும். அப்போதும் பதவுரையை ஒருமுறை ஒப்பிடுங்கள். பக்கத்தைப் படமெடுத்து ஏற்றினால் ன, ண, ர, ற எழுத்துகளைக் கட்டாயம் சரிபாருங்கள்.

கல்யாணப் பத்திரிகைக்கோ கோயில் பதாகைக்கோ பாசுரம் வேண்டுமென்றால் ஏஐ பக்கமே போகாதீர்கள். புத்தகத்தைப் பார்த்து எழுதப் பத்து நிமிஷம்கூட ஆகாது.