மொரீசியஸ் கெஸ்ட்ரலை எப்படி அடையாளம் காண்பது?

மொரீசியஸில் காட்டுப் பறவைகளுக்கு வைத்தியம் பார்ப்பது என் வேலை. "டாக்டர், கோழிக்கூண்டு பக்கத்துல பருந்து மாதிரி ஒன்னு உட்கார்ந்திருக்கு, விரட்டிடவா?" என்று யாராவது கேட்டுக்கொண்டே இருப்பார்கள். தயவுசெய்து விரட்டாதீர்கள். இந்தத் தீவில் கூடுவைத்து வாழும் வேட்டைப் பறவை இன்று ஒன்றே ஒன்றுதான், மொரீசியஸ் கெஸ்ட்ரல் என்கிற சின்ன வல்லூறு. உலகில் வேறெங்கும் கிடையாது. எடை கால் கிலோவைத் தாண்டாது, வளர்ந்த கோழியை எங்கே தூக்கப்போகிறது? அது முக்கியமாகத் தின்பது மரத்தில் ஓடும் பச்சைப் பல்லிகளை. ஆனாலும் கோழி தின்னி என்று பேர்கட்டிச் சுட்ட காலம் உண்டு.

காட்டையும் அழித்து, மலேரியாக் கொசுவுக்கும் வயலுக்கும் டிடிடி என்ற பூச்சிக்கொல்லி அடித்து, வெளியிலிருந்து கொண்டுவந்த குரங்கும் கீரியும் கூடுகளைக் காலிசெய்ய, 1974ல் காட்டில் தெரிந்தவரை மிஞ்சியவை நான்கே. 1979ல் வந்த பறவைப் பாதுகாப்பு ஆய்வாளர் கார்ல் ஜோன்ஸ், முதலில் இட்ட முட்டைகளை எடுத்து இன்குபேட்டரில் பொரிக்கவைத்து, தாயை மறுபடியும் முட்டையிட வைத்தார். 1994க்குள் 300க்கும் மேற்பட்ட பறவைகள் காட்டில் விடப்பட்டன. அப்பாடா என்று இருக்க முடியவில்லை, 2014ல் அழிவை நோக்கும் உயிரினங்களின் உலகளாவிய சிவப்புப் பட்டியலில் மறுபடியும் அழியும் ஆபத்திலுள்ள இனமாகிவிட்டது.

சரி, அடையாளம். மைனாவைவிடக் கொஞ்சம்தான் பெரிசு. முதுகும் வாலும் செம்பழுப்பு, குறுக்கே கறுப்புப் பட்டைகள். நெஞ்சு வெள்ளை, அதில் கறுப்புப் புள்ளிகள். கையில் எடுத்துப் பார்த்தால் பல புள்ளிகள் இதய வடிவில் இருக்கும். ஆண் பெண் நிறத்தில் வித்தியாசமில்லை. கண்ணைச் சுற்றியுள்ள தோல் வளர்ந்த பறவைக்கு மஞ்சள், இளசுக்கு நீலச் சாம்பல். குளிர்காலத்தில் தமிழ்நாட்டுக்கு வரும் செந்நிற வல்லூறு வயல்மேல் அந்தரத்தில் சிறகடித்து நிற்குமே, அந்தப் பழக்கத்தை இதனிடம் எதிர்பார்க்காதீர்கள். சிறகு குட்டை, நுனி வட்டம், நம்ம ஊர் வைரி மாதிரி மரங்களுக்குள் புகுந்து பறக்கும்.

டிசம்பர் வாக்கில் தாழ்ந்த கிளையில் இளம் பறவை தனியாக உட்கார்ந்திருந்தால் அநேகமாகத் தாய் தகப்பன் பக்கத்தில்தான் இருக்கும், இரை கொண்டுவந்து கொடுக்கும், அப்படியே விட்டுவிடுங்கள். இறக்கை தொங்கினாலோ ரத்தம் தெரிந்தாலோ மட்டும் காற்றுப்போகிற அட்டைப்பெட்டியில் வைத்து மூடி, வாயில் தண்ணீர் ஊற்றாமல், தேசியப் பூங்கா அலுவலகத்துக்குத் தகவல் சொல்லுங்கள். அப்புறம், படம் எடுத்தால் கால்களும் விழுகிற மாதிரி எடுங்கள். பலவற்றின் காலில் வண்ண வளையங்கள் இருக்கும், எந்தக் காலில் எந்த நிறம், எது மேலே எது கீழே என்று தெரிந்தால் அது எந்த வருஷம் எந்தக் கூட்டில் பொரித்தது என்பதைப் பதிவேட்டில் பார்த்துவிடலாம்.